துரைக்குத் தண்ணீர் இறங்கவில்லை

எங்கேயாவது ஒரு குழாய் சொட்டும் சத்தம் காதில் விழுந்துவிட்டால் சொட்டண்ணனுக்குச் சாப்பாடு இறங்காது. அது அவர் வீட்டுக் குழாயாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், கை கழுவும் தொட்டியில் குழாய் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டிருந்த வீட்டுக்காரரிடமே "ஸ்பேனர் இருக்குங்களா?" என்று கேட்ட மனிதர். வீட்டுக்காரர் அழுகையை நிறுத்திவிட்டு எடுத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில், பம்புகளுக்கு நடுவே அவருக்கு பிளம்பர் வேலை. அங்கேதான் லிஃப்ட் மெக்கானிக் அவருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டினார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவருடைய அக்காவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் அறுவை, பிறகு அங்கேயே நடைப்பயிற்சி என்று சில வாரங்கள் தங்க வேண்டும். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா தனியாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் பாதிப் பேரை ரயில் ஏற்றிவிட்டவளுக்கு வீட்டில் துணை என்று இருந்தது, முயலுக்கும் எலிக்கும் நடுவில் இருக்கும் கினி பிக் என்ற வாலில்லாப் பிராணி ஒன்று மட்டும்தான். பழுப்பும் வெள்ளையுமாக, உச்சந்தலையில் சீப்பே படாத மாதிரி ஒரு சுழியோடு, மிதியடி அளவில் ஓர் உருவம். அதற்குத் துரை என்று பெயர்.

துரையைத் தம்பியிடம் ஒப்படைக்க அக்காவுக்கு மனசே இல்லை. காரணம் இருந்தது. அக்கா முன்பு ஒப்படைத்துவிட்டுப் போன ரோஜாச் செடி, மீன் தொட்டி, கைக்கடிகாரம் எல்லாம் தம்பியின் பராமரிப்பில் இருந்தபோதுதான் காலமாயின. கைக்கடிகாரம் எப்படிக் காலமாகும் என்று கேட்கக் கூடாது. அதைத் திறந்து சும்மா பார்த்தார், அவ்வளவுதான்.

"டேய், நல்லாக் கேட்டுக்க," என்றாள் அக்கா, கூண்டைக் கொடுக்கும்போது. "என் வீட்டுல என்னைத் தவிர மூச்சு விடற ஒரே ஜீவன் இது. நான் திரும்பி வரும்போதும் இது மூச்சு விட்டுட்டு இருக்கணும்."

"விடும்க்கா."

"எதையும் கழட்டிப் பாக்காத."

"கினி பிக்கை எப்படிக்கா கழட்டறது?"

"உன்னை நம்ப முடியாது," என்று சொல்லிவிட்டு அக்கா ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினாள். வண்டி கிளம்பிய பிறகும் கண்ணாடி வழியாகக் கூண்டைத்தான் பார்த்துக்கொண்டு போனாள், தம்பியை அல்ல.

கூண்டு கூடத்தில், டிவிக்கும் துணி மடித்து வைக்கும் மேசைக்கும் நடுவே குடியேறியது. துரை பெயருக்கேற்ற மாதிரி நடந்துகொண்டார். வைக்கோல் பழசாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் பின்னங்காலில் எழுந்து, விசில் ஊதுவது போலக் கீச்சென்று கத்தினார். சொட்டண்ணனின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அதிகாரமாகக் கேட்கிற வாடிக்கையாளர்கள் அவளுக்குப் புதிதல்ல. "இருங்க துரை, வரிசையில வாங்க," என்று சொல்லியே வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கூண்டுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாள் ஈரமாக இருப்பதைச் சொட்டண்ணன் தொட்டுப் பார்க்கும் வரை.

"வெள்ளரிக்காய்த் தண்ணியா இருக்கும்," என்றாள் மனைவி. வெள்ளரிக்காய் நிறுத்தப்பட்டது. மறுபடியும் ஈரம். கொத்தமல்லியைக் கழுவிப் போடுவதால் இருக்குமோ என்று சந்தேகம் வந்து, சொட்டண்ணன் ஒவ்வோர் இலையாகத் துண்டால் துடைத்துப் போட்டார். மறுபடியும் ஈரம். கடைசியில் அவர் டிவியை நிறுத்தி, மின்விசிறியை நிறுத்தி, மனைவியையும் மூச்சை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டினார்.

டொக்.

சற்று நேரம் கழித்து, டொக்.

தொலைந்துபோன உறவினரின் குரலைக் கேட்டவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. கூண்டின் ஓரத்தில் தலைகீழாகத் தொங்கிய தண்ணீர்ப் பாட்டில்தான் அது. அதன் வாயில் ஒரு எஃகுக் குழல், குழலின் நுனியில் ஒரு குட்டிக் குண்டு. துரை அந்தக் குண்டை நாக்கால் நக்குவார், குண்டு கொஞ்சம் நகரும், தண்ணீர் வரும். வயசான பாட்டில் என்பதால் துரை நக்காதபோதும் வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, எதையும் கழட்ட வேணாம்னு அண்ணி சொன்னாங்க."

"அது துரையைச் சொன்னது. இது பாட்டில்."

ஒரு பழைய பேனாவைத் திறந்து உள்ளே இருந்த ஸ்பிரிங்கை உருவினார். அளவாக வெட்டி, குழலுக்குள் குண்டின் பின்னால் கச்சிதமாகப் பொருத்தினார். இப்போது குண்டு தன் இடத்தில் விறைப்பாக நின்றது, மேலதிகாரி சோதனைக்கு வந்ததும் நிமிரும் காவலாளி மாதிரி. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் வந்தது. விரலை எடுத்தார். நின்றது. அடியில் ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து, தேநீர் குடித்து முடித்துவிட்டு வந்து பார்த்தார். காகிதம் சருகு மாதிரி காய்ந்திருந்தது.

"பாத்தியா?" என்று அதை மனைவியின் கண்ணுக்கு முன்னால் ஆட்டினார். "கம்பெனிக்காரனுக்கே தோணல."

மறுநாள் துரை காலையில் தீனியைக் கொஞ்சம் கொறித்தார். மதியம் முகர்ந்தார். மாலையில் குடைமிளகாய்த் துண்டை மூக்கின் முன்னால் நீட்டியபோது, கடன் கேட்க வந்த உறவினரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். உடம்பைக் குறுக்கி, முடியைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். வழக்கமாகக் கூண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும் புழுக்கைகள் குறைந்து, கிடந்த ஒன்றிரண்டும் சுருங்கி மிளகாய் விதை மாதிரி இருந்தன. அதையெல்லாம்கூடச் சொட்டண்ணன் பொறுத்துக்கொண்டார். மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தாள். கூண்டிலிருந்து சத்தமே இல்லை. அப்போதுதான் அக்காவின் ரோஜாவும் மீன்களும் கைக்கடிகாரமும் வரிசையாகக் கண் முன் வந்து நின்றன.

பாட்டிலைப் பார்த்தார். காலையில் நிரப்பிய தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரு மயிரிழைகூட மட்டம் இறங்கவில்லை. இந்தத் துன்பத்துக்கு நடுவிலும் அவருக்கு அதில் சின்ன ஆறுதல் கிடைத்தது. வேலை சுத்தம்.

வேலையிடத்தில் லிஃப்ட் மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஏக்கம்ண்ணே," என்றார் அவர், மோட்டாருக்குக் கிரீஸ் வைத்தபடியே. "அக்கா நினைப்புதான். என் மாமியார் வெளியூர் போனப்ப என் வீட்டுக்காரி இப்படித்தான் சாப்பிடாம கிடந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ பங்கையும் நானே சாப்பிட்டேன். சாப்பாடு வீணாகக் கூடாதுல்ல?"

ஏக்கம் என்ற சொல் சொட்டண்ணனுக்குச் சட்டென்று பிடித்துப்போயிற்று. அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அன்று சாயங்காலமே சிகிச்சை ஆரம்பமானது. அக்கா விட்டுப்போன கம்பளிச் சட்டையை மடித்துக் கூண்டுக்குள் வைத்தார். துரை அதன்மேல் சாய்ந்துகொண்டார், ஆனால் சாப்பிடவில்லை. மனைவியை அக்கா குரலில் பேசச் சொன்னார். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவள், இடுப்பில் கை வைத்து, மூக்கால், "பயணிகளின் கவனத்திற்கு. துரை அவர்கள் உடனடியாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு அருகில் வரவும்," என்றாள். துரை வரவில்லை. கடைசியில் அக்காவுக்கே போன் போட்டு, விஷயத்தை மெதுவாகச் சொல்லி, போனைக் கூண்டருகே பிடித்தார்.

"துரை, கண்ணா, நான்தான்டா பேசறேன். சாப்பிடு தங்கம்."

துரையின் காது லேசாக அசைந்தது.

"காது அசையுதுக்கா!"

மறுமுனையில் அக்கா விசும்பினாள். ஆனால் அது முழுசும் துக்க விசும்பல் இல்லை. சொட்டண்ணனுக்குச் சத்தங்களில் நுணுக்கம் தெரியும். அந்த விசும்பலுக்குள் எங்கோ ஒரு பெருமை கசிந்துகொண்டிருந்தது.

"நான் இல்லாம சாப்பாடு இறங்கலையாடா அவனுக்கு?" என்று கேட்டாள். பிறகு போனை மூடாமலே பக்கத்துப் படுக்கைக்காரியிடம் சத்தமாகச் சொல்வது கேட்டது. "கேட்டீங்களா? என்னை நினைச்சு நினைச்சு இளைச்சுட்டானாம்!" மறுபடி போனில் ரகசியமாக, "இந்தம்மாவுக்கு நாலஞ்சு பசங்கடா. ஒருத்தன்கூட இளைக்கல."

அடுத்த நாள் காலையில் துரையைத் தூக்கியபோது கைக்கு எடையே தெரியவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. ஏக்கமோ கீக்கமோ, இனி நம்ம கையில் இல்லை என்று சொட்டண்ணன் லீவு போட்டுவிட்டு, கூண்டை அப்படியே தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். காத்திருக்கும் அறையில் ஒரு நாயும் ஒரு பூனையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. துரை அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. முன்பெல்லாம் யாரையும் மதிக்காமல் கண்டுகொள்ளாமல் இருப்பவர், இப்போது முடியாமல் கண்டுகொள்ளாமல் இருந்தார். சொட்டண்ணன் கூண்டைத் தன் பக்கம் இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

மருத்துவர் பெண். வேகமான கை, நிதானமான குரல். துரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளிய தோல் மடிந்தபடியே நின்றது.

"பல்லு நல்லா இருக்கு சார். ஆனா உடம்புல தண்ணியே இல்ல. தண்ணி குடிக்கறானா?"

"ஏக்கம் டாக்டர். எங்க அக்கா..."

"அது இருக்கட்டும். பாட்டில்ல தண்ணி எவ்வளவு குறையுது?"

"ஒரு சொட்டுகூடக் குறையல டாக்டர்," என்றார் சொட்டண்ணன். பழக்கதோஷத்தில் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. வாக்கியம் முடிந்த பிறகுதான் அது அவர் காதுக்கே போய்ச் சேர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது.

மருத்துவர் கூண்டில் தொங்கிய பாட்டிலின் நுனியைச் சுண்டுவிரலால் மெல்லத் தடவினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை தடவினாள்.

"கட்டை விரலால அழுத்தினா வரும் டாக்டர்," என்றார் சொட்டண்ணன், பாதிக் குரலில்.

மருத்துவர் அவருடைய கட்டை விரலைப் பார்த்தாள். துருப்பிடித்த வால்வுகளை வாழ்நாள் முழுக்கத் திருகித் திருகிக் கருணைக்கிழங்கு மாதிரி ஆகிப்போன விரல். பிறகு துரையின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்குக் காலிலேயே கட்டை விரல் கிடையாது சார். நாக்குக்கு எங்கே போறது?"

சொட்டண்ணன் நின்ற இடத்திலேயே குழலைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார். மனைவியாவது உடனிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பாள், மனசு லேசாகியிருக்கும். மருத்துவர் ஒன்றுமே சொல்லாமல் துரையின் தோலுக்கடியில் ஊசி வழியாகத் திரவம் ஏற்றினாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஏன் டாக்டர், தண்ணி குடிக்கலைன்னா சாப்பாடும் நின்னுடுமா?"

"நாக்கு வறண்டு கிடக்கும்போது உங்களுக்கு வைக்கோல் இறங்குமா?" என்றாள். "சாப்பிடாம விட்டா குடல் நின்னுடும். அது நின்னா இது பிழைக்காது. தானா சாப்பிடற வரைக்கும் நீங்கதான் ஊட்டணும். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. வாய்க்கு நேரா பீச்சாதீங்க, புரையேறிடும். பக்கவாட்டுல, பல்லுக்குப் பின்னால."

வீட்டுக்கு வந்ததும் சொட்டண்ணன் முதல் காரியமாகப் பாட்டிலைப் பழைய கோளாறோடு மாட்டினார். டொக். சற்று நேரம் கழித்து, டொக். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்து மனைவிக்குப் பயமாகிவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு ஆரம்பித்தது ஊட்டும் வைபவம். மனைவி கடையிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சுகள் கொண்டுவந்தாள். துரையின் உருண்டைத் தீனியை மிக்ஸியில் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, சிரிஞ்சு அடைக்காமல் இருக்கத் தேநீர் வடிகட்டியில் வடித்துக் கஞ்சியாக்கினார் சொட்டண்ணன். துரையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, உதட்டோரத்தில் சிரிஞ்சின் நுனியை நுழைத்து, ஒரு துளி விட்டார். துரை அதை வாயில் வைத்து யோசித்தார். பிறகு சட்டையில் துப்பினார்.

"அப்படித்தான், துப்புங்க துரை," என்றார் சொட்டண்ணன். "நீங்க துப்பறதுல நியாயம் இருக்கு."

அடுத்த துளி. துப்பல். அடுத்த துளி. வாழ்க்கையில் எத்தனையோ சொட்டுகளை நிறுத்திய மனிதர், இப்போது ஒரு சொட்டு உள்ளே போகாதா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எப்போதோ ஒரு துளிக்குத் துரையின் தாடை அசைந்தது. விழுங்கிவிட்டார். சொட்டண்ணனும் கூடவே விழுங்கினார், வாயில் ஒன்றும் இல்லாமலே.

மதிய இடைவேளைகளில் பம்ப் அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். சட்டை முழுக்கப் பச்சைக் கறையோடு திரும்பிப் போனார். லிஃப்ட் மெக்கானிக், "என்னண்ணே, மேஞ்சுட்டு வந்தியா?" என்றார். பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. ஒருநாள் மருந்துக்கடையில் கூட்டமான நேரத்தில் மனைவிக்குப் போன் போட்டார்.

"போட்டுட்டான்!"

"யாரு? என்னது?"

"துரைதான்! புழுக்கை! நல்லா நீளமா, பளபளன்னு!"

போனின் சத்தம் அதிகமாக வைத்திருந்ததால் இருமல் மருந்துக்கு நின்ற பெரியவர் வரைக்கும் செய்தி எட்டியது. "சந்தோஷம்மா," என்றார் அவர். "வீட்டுல பெரியவங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

இதற்கிடையே அக்கா தினமும் கூப்பிட்டாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொட்டண்ணன் ஒவ்வொரு முறையும் போனை எடுத்தார். "அக்கா, ஒரு விஷயம்," என்று ஆரம்பிப்பதற்குள் அக்கா முந்திக்கொள்வாள்.

"இன்னிக்கு வராந்தா கோடி வரைக்கும் நடந்துட்டேன்டா! நர்சு சிஸ்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்களுக்காகப் பட்டினி கிடக்கற ஜீவன் வீட்டுல இருக்கு, நடங்கம்மா'ன்னாங்க. வார்டு முழுக்கத் துரை பேச்சுதான். பெரிய டாக்டரே ரவுண்ட்ஸ் வந்தா முட்டியை அப்புறம்தான் பாக்கறாரு, துரை சாப்பிட்டாரான்னு முதல்ல கேக்கறாரு. ஆமா, நீ என்ன சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்லக்கா. இன்னிக்கு ரெண்டு வாய் சேத்துச் சாப்பிட்டான்."

"இப்ப சொல்லாதீங்க," என்றாள் மனைவி. "சொன்னா அண்ணி மறுபடி படுத்துடுவாங்க. நடந்து வீட்டுக்கு வரட்டும். அப்புறம் நீங்க வாங்கிக் கட்டிக்கலாம்."

அக்கா நடந்தே வந்தாள். நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, தண்டவாளத்தில் மெதுவாக நுழையும் ரயில் மாதிரி கூடத்துக்குள் நுழைந்தாள். அதே நேரத்தில் மனைவி பழச்சாறு எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். துரை பின்னங்காலில் எழுந்து நின்று வீடே அதிரக் கத்தினார்.

"பாத்தியாடா!" அக்காவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. "என் காலடிச் சத்தம்! எப்படித் தெரியுது பாரு!"

மனைவி ஃபிரிட்ஜ் கதவைச் சத்தமில்லாமல் மூடினாள்.

நாற்காலியில் உட்கார்ந்த அக்காவின் மடியில் துரையை வைத்தார்கள். ஒரு கொத்தமல்லிக் காம்பை அக்கா நீட்டினாள். துரை அதைத் தொழிற்சாலை எந்திரம் போல உள்ளே இழுத்துக்கொண்டார். ஊட்டிய மடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொட்டண்ணனுக்கு எங்கோ சுருக்கென்றது. அது பொறாமை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பாவம், இளைச்சுத்தான் போயிட்டான்," என்று அக்கா முதுகைத் தடவினாள். "இவ்வளவு பாசத்தை நான் எங்கே கொண்டு வைக்கறது?"

இனிமேல் தாங்காது என்று ஆகிவிட்டது அவருக்கு. எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஈரச் செய்தித்தாளில் ஆரம்பித்து, ஸ்பிரிங், கட்டை விரல், மருத்துவர், சிரிஞ்சு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். துரையைத் தடவிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"அப்ப அது ஏக்கம் இல்ல," என்றாள்.

"இல்லக்கா. தாகம்."

திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். ரோஜாவில் தொடங்கிக் கைக்கடிகாரம் வரைக்கும் வந்து சேரும் அந்தப் பெரிய திட்டை அவர் ஒருவகையில் எதிர்பார்த்துக்கூட இருந்தார். அது வரவில்லை. அக்காவின் முகத்தில் கடைசி ரயிலும் போன பிறகு நடைமேடை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பது போல ஏதோ நடந்தது. துரை சாகாமல் தப்பித்துவிட்டார். தான் சாகடித்தது வேறு எதையோ என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"உசுரோட இருக்கானே, அது போதும்டா," என்றாள் அக்கா. அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. அதில் அறிவிப்பு எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. வார்டு நர்ஸ். அக்கா போனைப் பார்த்தாள். துரையைப் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரை அழுத்தி, போனைத் தம்பியின் பக்கம் நீட்டினாள்.

"அம்மா வந்து சேர்ந்தாச்சா? துரை எப்படி இருக்காரு?" பின்னால் வார்டின் சத்தம் கேட்டது. "இங்க எல்லாரும் கேட்டு நச்சரிக்கறாங்க. அம்மாவைப் பாத்ததும் சாப்பிட்டாரா, இல்லையா?"

சொட்டண்ணன் தொண்டையைச் செருமினார். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டான் சிஸ்டர்," என்றார். "இதோ, இப்பத்தான். நாங்களும்... நாங்களும் என்னென்னவோ பண்ணிப் பாத்தோம் சிஸ்டர். எதுக்கும் மசியல. அக்கா மடியில போய் உக்காந்தான், பாருங்க... அப்பத்தான் வாயைத் தொறந்தான்."

"நான் சொன்னேன்ல!" நர்ஸ் வார்டைப் பார்த்துக் கத்தினாள். "சாப்பிட்டாராம்! அம்மா கையால சாப்பிட்டாராம்!" அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்; பக்கத்துப் படுக்கைக்காரியாக இருக்கலாம்.

போனை வைத்த பிறகும் துரை மென்றுகொண்டே இருந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை நீட்டி இன்னொரு கொத்தமல்லிக் காம்பை வாங்கினாள்.

"நடுவுல இழுக்கறே," என்றாள் தம்பியிடம். "'நாங்களும், நாங்களும்'னு ரெண்டு தடவை வந்துச்சு. மூச்சை முதல்லயே இழுத்து வெச்சுக்கிட்டு ஒரே சீராச் சொல்லணும். பழகிக்க. நாளைக்கும் கூப்பிடுவாங்க."